ஒருமுறை மட்டும் அலசிய டேங்க்

மகனே,

நீ இன்னும் பிறக்கவில்லை. பிறப்பாயா, பிறந்தாலும் மகனாகத்தான் பிறப்பாயா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்கு இப்போது பதினாறு வயது. பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். உயிரியல் நோட்டின் கடைசிப் பக்கங்களில், வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு இதை எழுதுகிறேன். அம்மா புரண்டு படுத்தால் உடனே நோட்டைத் திருப்பிச் செல் பிரிதல் படத்துக்கு வந்துவிடுகிறேன். பயப்படாமல் என்ன செய்வது? கல்யாணப் பேச்சே எடுக்காத வீட்டில் ஒரு பெண் 'மகனே' என்று கடிதம் எழுதி, அது அம்மா கையில் கிடைத்தால், நான் விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் மாமன் வீட்டுக்கெல்லாம் போன் போயிருக்கும். இருந்தாலும் உனக்குத்தான் எழுதத் தோன்றியது. இப்போது இருக்கிறவர்களில் யாருக்கு எழுதினாலும் அவர்கள் உடனே ஏதாவது சொல்வார்கள். நீ பொறுமையாகக் கேட்பாய். நீ வளர்ந்து ஆளாகி இதைப் படிக்கும்போது நான் வயதானவளாக உன் எதிரில் உட்கார்ந்திருப்பேன். அப்போது நான் எல்லாம் தெரிந்தவள் போலவும், தப்பே செய்யாதவள் போலவும் பேசிக்கொண்டிருந்தால், இந்த நோட்டை எடுத்து என்னிடம் காட்டு.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதுகில் மாட்டி மருந்து அடிக்கிற டேங்க் ஒன்றை நான் சரியாகக் கழுவவில்லை. கழுவிவிட்டதாகப் பொய்யும் சொன்னேன். அதனால் பக்கத்துக் காட்டு அருளாயி அத்தையின் இரண்டு ஏக்கர் பருத்தி சுருண்டுபோனது. அதை அவரிடம் சொல்ல எனக்குப் பதினெட்டு நாள் ஆனது. இன்று காலையிலிருந்துதான் எனக்குச் சரியாக மூச்சு வருகிறது. இதற்கு முன் நான்கு முறை எழுத ஆரம்பித்து, 'நான்தான்' என்ற சொல்லோடு நிறுத்தி, கிழித்து அடுப்பில் போட்டிருக்கிறேன்.

எங்கள் ஊர் பாடாலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே போகிற ரோட்டில் இருக்கிறது. மழையை நம்பி விதைக்கிற கரிசல் நிலம். அதைத்தான் நாங்கள் காடு என்று சொல்வோம். ஆவணி, புரட்டாசியில் பாதிப் பேர் பருத்தி போடுவார்கள், பாதிப் பேர் மக்காச்சோளம். உன் தாத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, மூன்று ஏக்கர் மக்காச்சோளம். அதில் ஒரு கதிர்கூட நாங்கள் சாப்பிடுவதற்காக இல்லை. எல்லாம் கோழித் தீவனத்துக்கு லாரி ஏறிவிடும். விதை கடையிலிருந்து, உரம் கடையிலிருந்து, படைப்புழுவுக்கு மருந்து கடையிலிருந்து, களைக்கு மருந்தும் அதே கடையிலிருந்து. அப்பா மருந்து அடித்துவிட்டு வந்து டேங்கைத் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் வைப்பார். அதைக் கழுவுவது என் வேலை. எட்டாம் வகுப்பிலிருந்து நான்தான் செய்கிறேன். சோப்புத் தூள் போட்டு மூன்று தண்ணீர் அலசி, குழாய்க்குள்ளும் தண்ணீர் ஏற்றிப் பீய்ச்சிவிட்டுக் கவிழ்த்து வைக்க வேண்டும். எதற்காக மூன்று தண்ணீர் என்று அப்பா சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. நாற்றம் போவதற்காக என்று நானே நினைத்துக்கொண்டேன். நீ மகனாகப் பிறந்தால் ஒன்று சொல்லிவைக்கிறேன். மருந்து அடிக்கிறவன்தான் டேங்கைக் கழுவ வேண்டும். உனக்கு ஒரு தங்கை இருந்தால் அவள் தலையில் கட்டாதே. எதை ஊற்றினோம் என்று தெரிந்தவனுக்குத்தான் அதை எவ்வளவு கழுவ வேண்டும் என்பதும் தெரியும்.

அருளாயி அத்தை எனக்கு உறவில்லை. எங்கள் காட்டுக்கும் அவர் காட்டுக்கும் நடுவில் ஒரு வரப்பு, அவ்வளவுதான் சொந்தம். அப்பாவை அண்ணன் என்று கூப்பிடுவதால் எனக்கு அத்தை. ஏலாக்குறிச்சியில் பிறந்து இங்கே வாழ வந்தவர். மாமா அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார், வாரத்துக்கு ஒருநாள் வீட்டுக்கு வருவார். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது களை வெட்டுகிற பெண்களுக்கு அத்தைதான் தலைவி. பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு வருவார். ஒரு காட்டை மூன்று நாளில் முடித்துவிட்டு அடுத்த காட்டுக்குப் போவார்கள். பேச்சும் சிரிப்புமாக அவர்கள் வரிசை நகர்ந்து போவது எங்கள் வாசலிலிருந்தே கேட்கும். களை மருந்து வந்த பிறகு அப்பா ஒரே ஆளாக ஒரு காலைப்பொழுதில் அந்த மூன்று நாள் வேலையை முடித்தார். பத்துப் பேரும் நூறு நாள் வேலைக்கும் திருச்சி கம்பெனி வேனுக்கும் பிரிந்து போனார்கள். அப்பாவைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. ஒரு மழை பெய்தால் ஊரில் உள்ள எல்லாக் காட்டிலும் ஒரே வாரத்தில் களை முளைக்கிறது. பத்துப் பேர் எத்தனை காட்டுக்குப் போவார்கள்? களை மருந்து வாங்கிய முதல் வருஷம் அப்பா ஆள் தேடி அலைந்துவிட்டு, கடைசியில்தான் கடைக்குப் போனார்.

வேலை போனதும் அத்தை சும்மா இருக்கவில்லை. டவுனில் இருக்கும் ஒருவரின் இரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து, கடை மருந்தே அடிக்காமல் பருத்தி போடுகிறேன் என்று ஆரம்பித்தார். வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்து, பழைய வேட்டியில் வடிகட்டி, சோப்புக் கரைத்து அடிப்பார். போன வருஷம் பெரிய லாபம் இல்லை, ஆனால் கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டியது எதுவும் இல்லாததால் கையில் கொஞ்சம் நின்றது. அதைப் பார்த்து, பழைய களைவெட்டுக் கூட்டத்தில் நான்கு பெண்கள் இந்த வருஷம் தாங்களும் செய்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். இதையெல்லாம் நீ நினைவில் வைத்துக்கொள். கெட்டுப்போனது இரண்டு ஏக்கர் மட்டும் இல்லை.

அன்று அப்பா மக்காச்சோளத்துக்குக் களை மருந்து அடித்துவிட்டு டேங்கை வைத்துவிட்டுப் போனார். மறுநாள் பள்ளியில் கட்டுரைப் போட்டிக்குக் கொடுக்க வேண்டிய கடைசி நாள். தலைப்பு, நீ சிரிப்பாய், 'நீடித்த வேளாண்மை'. சுற்றுச்சூழல், சமூகம், பொருளாதாரம் மூன்றையும் தொட்டு எழுத வேண்டும் என்று மிஸ் சொல்லியிருந்தார். எனக்கு அந்த நேரம் பார்த்து ஒரு நல்ல வாக்கியம் தோன்றியது, மறந்துவிடும் என்று பயம். தொட்டியில் தண்ணீரும் பாதிதான் இருந்தது. ஒரு தண்ணீர் ஊற்றி ஒரு ஆட்டு ஆட்டிக் கொட்டினேன். சோப்புத் தூள் இல்லை. குழாயைத் தொடவேயில்லை. கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே ஓடி அந்த வாக்கியத்தை எழுதிவிட்டேன்.

காலையில் நான் தலை பின்னிக்கொண்டிருந்தபோது அத்தை வாசலில் வந்து நின்றார்.

"அண்ணி, டேங்கு சும்மாதான கெடக்கு? எங்க டேங்குல பேட்டரி போயிருச்சு. தத்துப்பூச்சி வந்து எலயெல்லாம் மஞ்சக் கட்டுது. ஒரு காலப்பொழுது குடுங்க, அடிச்சிட்டுத் தந்துர்றேன்."

அம்மாவுக்கு அத்தையைச் சீண்டாமல் இருக்க முடியாது. "வேப்பங்கொட்டத் தண்ணிக்கு எதுக்கு அருளு பேட்டரி டேங்கு? வெளக்கமாத்துல தொட்டுத் தெளிச்சாலே போதாதா?"

"ஒங்க வூட்டு மருந்த அடிச்சிட்டு வந்து அண்ணன் ரெண்டு வேள சோறு எறங்காம கெடக்குறாரு. நா அடிச்சிட்டுக் கையக் கழுவிட்டு அப்புடியே குந்திப் பழையது தின்னுவேன், வந்து பாருங்க."

"எடுத்துக்க, எடுத்துக்க. நேத்து சாயந்தரமே பாப்பா கழுவி வெச்சிருச்சு."

அத்தை என் பக்கம் திரும்பினார். "கழுவுனியாடி, இல்ல சும்மா தண்ணி காட்டிட்டு வெச்சிட்டியா?"

"கழுவிட்டேன் அத்தை."

இந்த இரண்டு சொல்லை நான் யோசிக்காமல் சொன்னேன். பொய் சொல்கிறோம் என்றுகூடத் தோன்றவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்பதுதான் மனதில் இருந்தது. பெரிய பொய்யெல்லாம் பெரிய காரணத்துக்காகத்தான் சொல்லப்படும் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தால், இல்லை.

ஆறு நாள் கழித்துப் பருத்தியில் புதிதாக வந்த இலைகள் விரியவில்லை. பருத்தி இலை கை விரித்த மாதிரி அகலமாக இருக்கும். இவை கோழிக்கால் மாதிரி நீளநீளமாக, ஒல்லியாக, நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டு வந்தன. காம்புகள் முறுக்கிக்கொண்டன. ஊரே வந்து பார்த்தது. மருந்துக் கடைக்காரருக்கு அன்று வியாபாரத்தைவிடப் பேச்சு அதிகம். பஸ் ஸ்டாப்புக்கு எதிரில்தான் அவர் கடை, நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது எல்லாம் காதில் விழும்.

"நாந்தான் அப்பவே சொன்னனே. கசாயம் காச்சி ஊத்துனா பருத்தி என்னா, கல்லுகூடக் கருகும்."

அங்கே பேட்டரி வாங்க வந்திருந்த அத்தை விடவில்லை. "மனுசன் குடிச்சா ஒடம்பு தேறுது, பருத்தி குடிச்சா செத்துருமா? போன வருசம் இதே கசாயத்ததான குடிச்சிது?"

"போன வருசம் ஒங்க நல்ல நேரம்மா."

எல்லோரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்துவிட்டுத்தான் போனார். ஆனால் அந்த வாரமே நான்கு பெண்களில் ஒருவர் ஊறப்போட்டிருந்த வேப்பங்கொட்டையைச் சாக்கடையில் கொட்டினார். மற்ற மூவரும் கடைக்குப் போய் மருந்து வாங்கி வந்தார்கள்.

அதே வாரம் என் கட்டுரைக்கு முதல் பரிசு. காலைக் கூட்டத்தில் மைக் முன்னால் நின்று படிக்கச் சொன்னார்கள். மண்ணுக்கும் மனிதருக்கும் கேடு செய்யாத வேளாண்மையே நிலைக்கும் என்று நான் படித்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். ஒரு சில்வர் டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள். அப்போதும் எனக்கு எதுவும் தெரியாது. சந்தோஷமாகத்தான் வீட்டுக்கு வந்தேன். டேங்க் வைக்கிற இடத்தில் களை மருந்துப் பாக்கெட் கிடந்தது. அதற்குள் மடித்து வைத்திருந்த தாளை எடுத்துப் பார்த்தேன். அடுத்த கட்டுரைக்கு ஏதாவது கிடைக்கும் என்ற ஆசைதான். பிரித்தால் அது தோளில் போடுகிற துண்டு அளவுக்கு விரிந்தது. பத்துப் பன்னிரண்டு மொழிகள், தமிழ் எழுத்து எறும்பு அளவுக்கு. பருத்திக்குப் பக்கத்தில் இந்த மருந்தை அடிக்கவே கூடாது, அடித்த டேங்கை நன்றாகக் கழுவாமல் வேறு பயிருக்குப் பயன்படுத்தக் கூடாது என்று போட்டிருந்தது. நான் அதை இரண்டாவது முறை படிக்கவில்லை. தேவைப்படவில்லை. மடித்துப் பாக்கெட்டுக்குள்ளேயே வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் எப்படி இருந்தேன் என்று உனக்கு எப்படிச் சொல்வது? அத்தை எங்கள் வாசல் வழியாகப் போனால் நான் பாத்ரூமுக்குள் போய்விடுவேன். சொன்னால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அத்தை வந்து வாசலில் நின்று கத்துவார். அப்பா ஊர் முன்னால் தலைகுனிவார். அப்புறம் வீட்டுக்குள், 'ஒரு டேங்கு கழுவத் துப்பில்ல, இவளுக்குப் படிப்பு ஒரு கேடா' என்று யாராவது சொல்வார்கள். பன்னிரண்டாவதோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு வேளாண் கல்லூரியில் சேர வேண்டும் என்ற ஆசை வேறு. பேசாமல் இருந்தால் என்ன ஆகும் என்றும் நினைத்தேன். ஒன்றும் ஆகாது. வேப்பங்கொட்டை பழியைச் சுமந்துகொள்ளும். அதற்கு வாய் கிடையாது. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

உயிரியல் மிஸ்ஸிடம் பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டேன். "மிஸ், பருத்தி மேல களை மருந்து கொஞ்சூண்டு பட்டுட்டா செத்துருமா?"

"எவ்வளவு பட்டுச்சுங்கறதப் பொறுத்தது. லேசாப் பட்டிருந்தா தாங்கிரும். கோணலா வந்த நுனியக் கிள்ளிவிட்டுட்டுப் பொறுமையா இருந்தா, கீழேருந்து நல்ல தளிரு வரும். ஏன், யாரு காட்டுல?"

"சும்மாதான் மிஸ்."

இது தெரிந்த பிறகு பயம் இரண்டு மடங்கு ஆனது. அதுவரை, செத்த பயிருக்கு நான் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று ஒரு சாக்கு இருந்தது. இப்போது அது உயிரோடு இருந்தது. அந்தச் சனிக்கிழமை அம்மா சோறு போட்டுக்கொண்டே சொன்னார், அருளு திங்கட்கிழமைக்கு டிராக்டர் சொல்லிவிட்டாளாம், பருத்தியை அழித்து உழுதுவிட்டு இருக்கிற ஈரத்தில் கொத்தமல்லி விதைக்கப் போகிறாளாம், நிலத்துக்காரரும் அடுத்த வருஷம் வேறு ஆளுக்கு விடப் பார்க்கிறாராம் என்று. அப்பா தட்டையே பார்த்துச் சாப்பிட்டார். நானும் தட்டையே பார்த்துச் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். மாதத்தில் ஒரு ஞாயிறு அத்தை பஸ் பிடித்து ஏலாக்குறிச்சிக் கோயிலுக்குப் போய்வருவார். அன்று போகவில்லை. காட்டுக்கு நடுவில் நின்று ஒவ்வொரு செடியாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தை."

"என்னாடி காலங்காத்தால? படிக்கிற வேல இல்லயா?"

"நாளைக்கு டிராக்டர் வேணாம் அத்தை."

"ஏன், ஒங்கப்பன் காசு குடுக்குறானா?"

"டேங்க நான் சரியாக் கழுவல. அதுல களை மருந்து இருந்துச்சு. சோப்புப் போடல, ஒரே ஒரு தண்ணிதான் ஊத்துனேன். வேப்பங்கொட்ட ஒண்ணும் பண்ணல அத்தை."

அத்தை என்னைப் பார்க்கவில்லை. கையில் இருந்த இலையைத்தான் பார்த்தார்.

"வாசல்ல நின்னு கேட்டனாடி, இல்லயாடி?"

"கேட்டீங்க."

"என்னா சொன்ன?"

"கழுவிட்டேன்னு சொன்னேன்."

அப்புறம் கத்தினார். நான் நினைத்ததைவிட அதிகமாகக் கத்தினார். "நீ அதச் சொல்லிப் பதினெட்டு நாளுடி! அந்தக் கடக்காரன் வாய்க்கு நா அவலாக் கெடந்தேன். எங்கூட்டு மனுசன்கூட, ஒனக்கு எதுக்கு இந்த வேலயெல்லாம்னு கேட்டாரு. எங்கையாலயே கெடுத்துட்டேன்னு நா எம்மேலயே சந்தேகப்பட்டுக்கிட்டுக் கெடந்தேன். நீ மைக்குல பேசிப் பரிசு வாங்கிட்டு வர்ற!" ஒரு மண்கட்டியை எடுத்து ஓங்கி எறிந்தார். என்மேல் இல்லை, எனக்குப் பக்கத்தில். நான் அழுதேன். அழுவதை அவர் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

கத்தி முடித்த பிறகு கேட்டார். "பொழைக்குமா?"

"நுனியக் கிள்ளிவிட்டா பொழைக்கும்னு மிஸ் சொன்னாங்க."

"ஒங்க மிஸ்ஸு பருத்தி போட்டிருக்காங்களா?"

"இல்ல."

"பின்ன என்னா தைரியத்துல சொல்றாங்க?" என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்தார். "தம்பி, நாளைக்கு வண்டி வேணாம். ஏன்னா? என் காடு, என் பருத்தி, வேணாம்னா வேணாம்." வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஒங்கப்பன்ட்ட நீயே சொல்லு. நா வந்து சொன்னா சண்டையாப் போயிரும். போ, எங்கண்ணு முன்னாடி நிக்காத."

மகனே, அவர் என்னை மன்னிக்கவில்லை. ஆனாலும் திரும்பி வரும்போது கால் லேசாக இருந்தது. திட்டு வாங்குவதற்கு முன்னால் இருக்கிற பயம்தான் பெரியது. திட்டு அளவானது. அதற்கு ஒரு முடிவு உண்டு. இது எனக்கு முன்னமே தெரிந்திருந்தால் பாதி நாளாவது மிச்சமாகியிருக்கும்.

அப்பா மக்காச்சோளக் குருத்துகளைப் பிரித்துப் புழு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். பின்னாலேயே போய்ச் சொன்னேன். அவர் நின்றார். திரும்பவில்லை.

"நீயா?"

"ஆமாப்பா."

அப்படியே வரிசைகளுக்கு நடுவே சாலில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. அப்புறம் அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவேயில்லை. "நா காத்துன்னுல்ல நெனச்சேன்."

"என்ன காத்துப்பா?"

"அன்னிக்கு மருந்தடிக்கயில காத்து அந்தப் பக்கமா அடிச்சிது பாப்பா. வேல முடிஞ்சாப் போதும்னு அடிச்சிட்டேன். எல சுருண்டத வரப்புல நின்னு பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சிபோச்சி, களை மருந்துன்னு. எங்காட்டுலேருந்துதான் போயிருக்கும்னு நெனச்சிக்கிட்டேன்."

இத்தனை நாளும். அவரும் நானும் ஒரே வீட்டில், ஒரே காரியத்தை, ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம். சனிக்கிழமை இருவரும் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டது அதனால்தான்.

"காத்துல போயிருந்தா ஓரத்துலதானப்பா இருக்கும்? நடுக்காட்டுலயும் அதே மாதிரிதான் இருக்கு."

"நா உள்ளாற போகல பாப்பா. போறதுக்குக் காலு வரல." ஒரு மண்கட்டியை உடைத்துக்கொண்டே சொன்னார். "டேங்கு என்னுது. மருந்து என்னுது. இது பருத்திக்கு ஆவாதுன்னு தெரிஞ்சவனும் நானு. ஒங்கிட்ட அதச் சொல்லாதவனும் நானுதான்."

எனக்கு அப்பாமேல் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். கொஞ்சம் வந்தது. அவர் பெரியவர், முதல் நாளே சொல்லியிருக்கலாம். ஆனால் என்னைப் போலவே ஒருவர் பயந்துகொண்டு இருந்தார் என்பதில் எனக்கு எவ்வளவு ஆறுதல் கிடைத்தது தெரியுமா? வெட்கமில்லாமல் சொல்கிறேன், சந்தோஷமாகவே இருந்தது. அம்மாவிடம் சொன்னபோது அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "ஒரே சட்டிச் சோத்தத் தின்னுட்டு ஆளுக்கொரு திருட்டுத்தனமா? நம்மளால ஆனது தெரியாம, பாவம் அருளுன்னு தெனம் மோரு குடுத்தனுப்பிக்கிட்டு இருந்தனே, என்னைய என்னான்னு சொல்றது?"

திங்கட்கிழமை காலையில் அப்பா சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். கல்யாணத்துக்கும் பேங்குக்கும் போடுகிற சட்டை. நான் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தேன். கடை முன்னால் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அப்பாவுக்கு நாலு பேர் நடுவில் பேசிப் பழக்கமில்லை. குரல் உயரவேயில்லை.

"அருளாயி பருத்தியக் கெடுத்தது வேப்பங்கொட்ட இல்லிங்க. எங்க டேங்குல இருந்த களை மருந்து. சரியாக் கழுவாமக் குடுத்தது எங்க வூடு."

என் பெயரைச் சொல்லவில்லை. கடைக்காரர் சமாளிக்கப் பார்த்தார். "அப்ப டேங்கு கழுவுறதுக்குன்னு ஒரு லிக்விட் வந்திருக்கு, எடுத்துத் தரட்டுங்களா?"

"சோப்புத் தூளு போதும்," என்றார் அப்பா. இந்த முறை சிரிப்பு வேறு பக்கம் போனது.

அன்று சாயந்தரம் அப்பா அத்தை வீட்டுக்குப் போய், நட்டம் என்னவோ அதைத் தானே கொடுப்பதாகச் சொன்னார். அத்தை கேட்கவில்லை. "காசு வேணாண்ணே. காசு வாங்குனா ஒரு நாளுல தீந்து போயிரும். நுனி கிள்ளணும், களை வெட்டணும். ஆளா வாங்க, மூணு பேரும்." அதுதான் எங்களுக்குக் கிடைத்த தண்டனை. மூன்று ஞாயிறு போனோம். பழைய கூட்டத்தில் ஆறு பேரை அத்தை கூலிக்குக் கூப்பிட்டிருந்தார். அப்பா வாழ்க்கையில் முதல்முறையாகப் பெண்களோடு வரிசையில் நின்று களை வெட்டினார்.

"அண்ணே, பாத்து! களைய வுட்டுப்புட்டுப் பருத்திய வெட்டுறீங்க!"

"அவுரு டேங்கத் தூக்குன கை, அப்புடித்தான் வெட்டும். ஒரே வீச்சுல எல்லாத்தயும் காலி பண்ணிடும்."

அரை நாளிலேயே அப்பாவுக்கு இடுப்பு நிமிரவில்லை. வரப்பில் படுத்துவிட்டார். படுத்தபடியே அவர்கள் வரிசை நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வரும் வழியில், வரப்பை ஒட்டின நாலு சாலுக்கு இனிமேல் களை மருந்து வேண்டாம், அதுக்கு இவர்களையே கூப்பிட்டுக்கொள்ளலாம் என்றார். நாலு சால்தான். மிச்சம் முழுவதற்கும் மருந்துதான். ஆள் கூலியும் மக்காச்சோளத்தின் விலையும் ஒன்றுக்கொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன, அதை அவரால் தனியாகத் தீர்க்க முடியாது. கட்டுரையில் எழுதினால் இது ஒரு வரிக்குக்கூடத் தேறாது. ஆனால் அந்த நாலு சால் எனக்குத் தெரியும், எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று. நான் மைக்கில் படித்த வாக்கியம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. நீ நிலத்தைப் பற்றிப் பேசுகிறவனாக வளர்ந்தால், பேசுவதற்கு முன் ஒருமுறை நடுக்காடு வரைக்கும் நடந்துவிட்டு வா.

நடுவில் நல்ல மழை பெய்தது. ஒவ்வொரு நாளும் பள்ளிக்குப் போகும்போது வரப்பு வழியாகச் சுற்றிப் போனேன். கிள்ளிவிட்ட இடத்துக்குக் கீழே தளிர் வந்தது, ஆனால் முதலில் வந்ததும் கோணலாகவே வந்தது. அத்தை என்னோடு பேசவில்லை. இன்று காலையில் அவரே கூப்பிட்டார். "ஏய், பரிசு வாங்குனவளே, இங்க வா." போனேன். ஒரு செடியைக் காட்டினார். நுனியில் ஒரு இலை, என் உள்ளங்கை அகலத்துக்கு, ஒரு சுருக்கமும் இல்லாமல் வெயிலுக்கு விரிந்திருந்தது. அடுத்த செடியிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும். காய் பிடிக்கத் தாமதமாகும், போன வருஷம் மாதிரி வராது என்றார். குத்தகையை நிலத்துக்காரர் தொடர்ந்து விடுவாரா என்பதும் தெரியாது. ஆனால் ஊறப்போட்டதைக் கொட்டிய அந்தப் பெண் நேற்று மறுபடி வேப்பங்கொட்டை கேட்டு வந்தாராம். "குடுத்தேன்," என்றார் அத்தை. அப்புறம், "அடுத்த தடவ டேங்கு வாங்குனா நானே கழுவிக்கிறேன்னு ஒங்கம்மாகிட்ட சொல்லிரு," என்றார். சிரிக்கவில்லை. ஆனால் என் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்துவிட்டுக் கொடுத்தார். கோபம் இருந்தால் அப்படி எடுத்துக் குடிக்க மாட்டார்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் நான் அழுதேன். பக்கத்தில் இருந்தவள் பரீட்சைப் பயமா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதுவும் பொய்தான், ஆனால் அதனால் யார் காடும் கெடாது.

நான் எப்படிப்பட்ட அம்மாவாக இருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் குரல் பெரியது, எனக்கும் அப்படித்தான் இருக்கும். அதனால் இப்போதே சொல்லிவைக்கிறேன். நீ ஏதாவது செய்துவிட்டால், உடைத்துவிட்டால், கெடுத்துவிட்டால், மறந்துவிட்டால், அன்றைக்கே வந்து என்னிடம் சொல். நான் கத்துவேன். கையில் கிடைப்பதை எறிந்தாலும் எறிவேன். ஓடிவிடாதே. நான் கத்தி முடிக்கும் வரைக்கும் அங்கேயே நில். முடித்த பிறகு நான் செருப்பைப் போட்டுக்கொள்வேன். யாரிடம் போய்ச் சொல்ல வேண்டுமோ, அவர் வீட்டுக்கு நாம் இரண்டு பேரும் சேர்ந்தே போவோம்.

உன் அம்மா